மீயணிக்கோவையின் மின்னோட்ட வரைபடத்தில் பற்கள் தோன்றுவது ஏன்?

உங்கள் கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் "என் மாதிரி கெட்டுப்போய்விட்டதா?" என்பதுதான். ஆனால் நீங்கள் தந்திருக்கும் விவரங்களைச் சேர்த்துப் படித்தால், அதற்குள் வேறு கேள்விகளும் இருக்கின்றன. உங்களிடம் இருப்பது 9 நானோமீட்டர் காலியம் ஆர்சனைடும் 4 நானோமீட்டர் அலுமினியம் ஆர்சனைடும் மாறிமாறி 40 முறை அடுக்கப்பட்ட ஒரு மீயணிக்கோவை, அதாவது ஆய்வகங்களில் நாம் சூப்பர்லாட்டிஸ் என்று அழைப்பது. எலக்ட்ரான்கள் தங்கும் காலியம் ஆர்சனைடு அடுக்கைக் கிணறு என்றும், கிணறுகளைப் பிரிக்கும் அலுமினியம் ஆர்சனைடு அடுக்கை அரண் அல்லது சுவர் என்றும் சொல்வோம். ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 15 ஆயிரம் கோடி எலக்ட்ரான்கள் வரும்படி சிலிக்கான் மாசூட்டப்பட்டிருக்கிறது, அதாவது வேண்டுமென்றே சிறிதளவு கலக்கப்பட்டிருக்கிறது. மேலேயும் கீழேயும் கம்பி இணைப்பதற்காக மிகுதியாக மாசூட்டிய தொடர்பு அடுக்குகள் இருக்கின்றன. மின்னழுத்தத்தைக் கூட்டினால் மின்னோட்டம் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு வழவழப்பாக இறங்கும் என்று, மீயணிக்கோவையில் மின்புலத்துக்கு ஏற்ப எலக்ட்ரானின் வேகத்தைச் சொல்லும் எசாகி–சூ சமன்பாட்டைப் படித்து எதிர்பார்த்தீர்கள். திரவ நைட்ரஜனில் வைத்து அளந்தபோது கிடைத்ததோ 0.3 வோல்ட்டிலிருந்து 5.2 வோல்ட் வரை நீளும் ஒரு சமதளமும், அதன்மேல் இரம்பம்போல் 38 பற்களும். மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் வேறு கோடு கிடைக்கிறது. காந்தப்புலத்தில் வைத்து அளக்கும் ஹால் அளவீட்டில் பெற்ற 2,500 என்ற இயக்க எண்ணை (மின்புலத்தில் எலக்ட்ரான் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதன் அளவு) சமன்பாட்டில் இட்டால் எதுவும் பொருந்தவில்லை. 17ஆவது பல் மட்டும் மூன்று மேசாக்களிலும் (அளப்பதற்காக மாதிரியில் அரித்தெடுத்த சிறு மேடைகள்) குட்டையாக இருக்கிறது. "இங்கே ஓம் விதியே தோற்றுவிட்டதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆர்சனைடு அடுக்குகளின் மின்கடத்தலை அளந்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆண்டிமனைடுகள், நைட்ரைடுகள், துளைகளின் கடத்தல் ஆகியவற்றில் எனக்குக் கைப்பழக்கம் இல்லாததால் அவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் மாதிரி கெட்டுப்போகவில்லை. நீங்கள் தந்த விவரங்களின்படி அது மிக நன்றாக வளர்க்கப்பட்ட மாதிரி. பிழை, ஓர் அடுக்கில் எலக்ட்ரான் எவ்வளவு வேகமாக நகரும் என்று சொல்லும் விதியையும், இரண்டு முனைகளுக்கு நடுவே மீட்டர் காட்டும் வரைபடத்தையும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டதில் இருக்கிறது. ஓம் விதியைப் பொறுத்தவரை, அது சிறிய மின்புலத்தில் பெரும்பாலான பொருள்கள் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லும் ஒரு நல்ல தோராயம். எல்லா மின்புலத்துக்கும் அது செல்லும் என்று யாரும் உறுதி கொடுத்ததில்லை.

எசாகி–சூ சமன்பாடு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அது எங்கே செல்லாது என்பது அப்போதுதான் புலப்படும். சாதாரணப் படிகத்தில் மின்புலம் எலக்ட்ரானை முடுக்கும்போது, அதன் உந்தத்தைக் குறிக்கும் அலைத்திசையன் சீராகக் கூடிக்கொண்டே போகிறது. தடை ஏதும் இல்லாவிட்டால் அது பிரில்லுவன் மண்டலத்தின் (படிகத்தில் அலைத்திசையனுக்கு உள்ள எல்லையின்) விளிம்பை எட்டி, அங்கே எதிரொளிக்கப்பட்டு, பின்னோக்கி நகர்ந்து, மீண்டும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட வேண்டும். இதுதான் பிளாக் அலைவு. ஆனால் அணு இடைவெளி அரை நானோமீட்டர் என்றால், சென்டிமீட்டருக்கு 10 கிலோவோல்ட் மின்புலத்தில் அந்த ஒரு சுற்றுக்குச் சுமார் 8 பிகோ விநாடி ஆகும். சிதறல்களுக்கு இடைப்பட்ட காலமோ ஒரு பிகோ விநாடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. எலக்ட்ரான் விளிம்பை எட்டும் முன்பே பலமுறை முட்டி மோதித் திசை மாறிவிடுகிறது. 1970இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் லியோ எசாகியும் ராஃபேல் சூவும் முன்வைத்த யோசனை, அந்த இடைவெளியையே செயற்கையாகப் பெரிதாக்குவது. இரண்டு குறைக்கடத்திகளை மாறிமாறி அடுக்கி 10 நானோமீட்டர் அலகு ஒன்றை உண்டாக்கினால், பிரில்லுவன் மண்டலம் இருபதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதே மின்புலத்தில் ஒரு சுற்று 0.4 பிகோ விநாடியில் முடிகிறது; அதிர்வெண் 2.4 டெராஹெர்ட்ஸ். சிதறலோடு போட்டியிட முடிகிற அளவுக்கு எலக்ட்ரானின் பயணம் குறுகிவிடுகிறது. முதலில் அனுப்பிய இதழ் அந்தக் கட்டுரையை ஏற்கவில்லை என்று எசாகியே பின்னாளில் எழுதியிருக்கிறார். இன்று குறைக்கடத்தி இயற்பியலில் ஒரு துறையே அதன்மேல் நிற்கிறது.

அந்தக் கட்டுரையின் விளைவுதான் நீங்கள் பயன்படுத்திய சமன்பாடு. கிணறுகள் நெருக்கமாகவும் அரண்கள் மெல்லியவையாகவும் இருந்தால், ஒவ்வொரு கிணற்றின் ஆற்றல் நிலையும் பக்கத்துக் கிணற்றின் நிலையோடு கலந்து ஒரு குறும்பட்டையாக விரிகிறது. எலக்ட்ரானின் அலை பல அலகுகளைத் தழுவிப் பரவி நிற்கிறது. மின்புலம் சிறியதாக இருக்கும்போது இழுப்புத் திசைவேகம் அதற்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. பிளாக் அலைவின் கோண அதிர்வெண்ணும் சிதறல் காலமும் பெருக்கி ஒன்றாகும் இடத்தில் உச்சத்தைத் தொடுகிறது. அதற்கு மேல் எலக்ட்ரான் முன்னும் பின்னும் அலைவதில் பொழுதைக் கழிப்பதால் வேகம் குறைகிறது. அலகு 5 நானோமீட்டர், குறும்பட்டையின் அகலம் 50 மில்லி எலக்ட்ரான் வோல்ட், சிதறல் காலம் 0.2 பிகோ விநாடி என்று வைத்துக்கொண்டால், உச்சம் சென்டிமீட்டருக்குச் சுமார் 6.6 கிலோவோல்ட் மின்புலத்தில் வருகிறது. அங்கே வேகம் விநாடிக்குச் சுமார் 95 கிலோமீட்டர். மெல்லிய அரண்கள் கொண்ட மாதிரிகளில் இந்த வடிவம் 1990 வாக்கில் சோதனையில் உறுதியானது. இதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஆனால் உங்கள் மாதிரி அந்த வகையைச் சேர்ந்ததே அல்ல. 4 நானோமீட்டர் அலுமினியம் ஆர்சனைடு என்பது எலக்ட்ரானுக்கு மிகத் தடித்த சுவர். அந்தச் சுவருக்குள் எலக்ட்ரானின் அலை அரை நானோமீட்டருக்கு ஒருமுறை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக மடிந்துகொண்டே போகிறது. மறுபக்கத்தை எட்டும்போது மிச்சமிருப்பது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் உங்கள் குறும்பட்டையின் அகலம் ஒரு மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. சிதறலால் ஒவ்வொரு நிலையும் கலங்கி அகலும் அளவோ சில மில்லி எலக்ட்ரான் வோல்ட். பட்டையைக் காட்டிலும் அதன் கலக்கம் பல மடங்கு பெரிதாக இருக்கும்போது பட்டை என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. உங்கள் எலக்ட்ரான் 40 அலகுகளிலும் பரவிய அலையாக ஓடவில்லை. ஒரு கிணற்றில் தங்கி, அங்கே பலமுறை சிதறி, தான் வந்த வழியின் நினைவை முற்றிலும் இழந்து, பிறகு சுவரைத் துளைத்து அடுத்த கிணற்றுக்குப் போகிறது. அங்கும் அதே கதை. இதைப் படிப்படியான ஊடுருவல் என்கிறோம். இங்கே வேகத்தைத் தீர்மானிப்பது பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளின் நிலைகள் ஒன்றோடொன்று எவ்வளவு நேராக நிற்கின்றன என்பதுதான். மின்புலம் மிகச் சிறியதாக இருக்கும்போது ஒரு கிணற்றின் முதல் நிலையும் அடுத்த கிணற்றின் முதல் நிலையும் ஒத்திசைகின்றன. ஓர் உச்சம் கிடைக்கிறது. மின்புலம் கூடினால் அவை விலகி, மின்னோட்டம் விழுகிறது. ஓர் அலகின் குறுக்கே விழும் மின்னழுத்தம் முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் உள்ள இடைவெளியைத் தொடும்போது, ஒரு கிணற்றின் முதல் நிலை அடுத்த கிணற்றின் இரண்டாம் நிலைக்கு நேராக வந்து நிற்கிறது. அங்கே இரண்டாவதாக, இன்னும் பெரிய உச்சம். 9 நானோமீட்டர் கிணற்றுக்கு அந்த இடைவெளி சுமார் 135 மில்லி எலக்ட்ரான் வோல்ட். இந்த எண்ணை மறக்காதீர்கள். உங்கள் வரைபடம் முழுக்க அதுதான் மறைந்திருக்கிறது.

இனி பற்களுக்கு வருவோம். இரண்டு உச்சங்களுக்கு நடுவே மின்புலம் கூடினால் மின்னோட்டம் குறையும் ஒரு பள்ளம் இருக்கிறது என்றேன். அந்தப் பள்ளத்தில் 40 அலகுகளும் ஒரே மின்புலத்தில் சமமாக இருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தற்செயலாக ஒரு கிணற்றில் எலக்ட்ரான்கள் கொஞ்சம் மிகுந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் மின்னூட்டத்தால் அந்தக் கிணற்றுக்குப் பின்னால், எதிர்முனைப் பக்கம், மின்புலம் சற்றுக் குறைகிறது. முன்னால், நேர்முனைப் பக்கம், சற்றுக் கூடுகிறது. சாதாரணக் கடத்தியில் இதனால் உள்ளே வருவது குறைந்து, வெளியே போவது கூடி, மிகுதி தானே கரைந்துவிடும். பள்ளத்திலோ எல்லாம் தலைகீழ். மின்புலம் குறைந்த பின்பக்கத்திலிருந்து எலக்ட்ரான்கள் முன்பைவிட வேகமாக வந்து சேர்கின்றன. மின்புலம் கூடிய முன்பக்கம் வழியே முன்பைவிட மெதுவாகத்தான் வெளியேறுகின்றன. நெரிசல் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. அது வளர்ந்து நிலைபெறும்போது மாதிரி இரண்டாகப் பிரிந்துவிடுகிறது: எதிர்முனைப் பக்கத்தில் முதல் உச்சத்துக்கு அருகே நிற்கும் குறைபுலக் களம், நேர்முனைப் பக்கத்தில் இரண்டாம் உச்சத்துக்கு அருகே நிற்கும் மிகைபுலக் களம், நடுவே ஒன்றிரண்டு கிணறுகளில் குவிந்த எலக்ட்ரான்களாலான எல்லைச்சுவர். உங்கள் மாதிரியில் இரு களங்களின் மின்புல வேறுபாடு சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கிலோவோல்ட். அந்த வேறுபாட்டைத் தாங்க எல்லையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 70 ஆயிரம் கோடி எலக்ட்ரான்கள் கூடுதலாகத் தேவை. நீங்கள் ஒரு கிணற்றுக்கு ஊட்டியிருப்பதைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவு. அவற்றைத் தொடர்பு அடுக்கு தாராளமாகவே தரும்.

மின்னழுத்தத்தை மெதுவாகக் கூட்டும்போது என்ன நடக்கிறது? முதலில் இரு களங்களிலும் மின்புலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது, மின்னோட்டமும் ஏறுகிறது. இது பல்லின் ஏறுமுகம். குறைபுலக் களம் முதல் உச்சத்தின் விளிம்புக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் தாங்க முடியாமல் எல்லைச்சுவர் ஒரே தாவலில் ஒரு கிணறு எதிர்முனையை நோக்கி நகர்கிறது. குறைபுலத்தில் இருந்த ஓர் அலகு மிகைபுலத்துக்கு மாறி, 0.13 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தத்தைத் தான் ஒருவனாகவே விழுங்கிக்கொள்கிறது. மற்ற அலகுகள் அனைத்தும் அந்த அளவுக்கு மூச்சு விடுகின்றன. மின்னோட்டம் சட்டென விழுகிறது. ஒரு பல் முடிந்தது. பிறகு அடுத்த கிணறு. நீங்கள் அனுப்பிய எண்களையே பாருங்கள்: 0.3இலிருந்து 5.2 வரை 4.9 வோல்ட், 38 பற்களுக்கு இடையே 37 இடைவெளிகள், ஓர் இடைவெளிக்கு 0.132 வோல்ட். கிணற்றின் முதல் இரண்டு நிலைகளுக்கு இடைப்பட்ட 135 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்கு எவ்வளவு அருகில் வருகிறது! 40 அலகுகளில் 38 பற்கள் கிடைத்திருப்பதும் இயல்பே. இரு முனைகளிலும் தொடர்பு அடுக்கின் தாக்கத்தில் ஓரிரு கிணறுகள் தனிப் பல்லாகத் தெரியாமல் போவது வழக்கம். நீங்கள் இரைச்சல் என்று நினைத்தது, உங்கள் மாதிரியின் கிணறுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டியிருக்கிறது. இதே காட்சியை எசாகியும் சாங்கும் 1974லேயே குறைந்த வெப்பநிலையில் கண்டு, மிகைபுலக் களம் அலகு அலகாக விரிவதுதான் காரணம் என்று விளக்கினார்கள்.

ஏறும்போது ஒரு கோடும் இறங்கும்போது ஒரு கோடும் கிடைப்பதற்கும் இதே விளக்கம் போதும். ஒரே மின்னழுத்தத்தில் எல்லைச்சுவர் 12ஆவது கிணற்றிலும் நிற்கலாம், 13ஆவதிலும் நிற்கலாம். இரண்டுமே நிலையான ஏற்பாடுகள். எதில் நிற்கும் என்பது எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதைப் பொறுத்தது. ஏறும்போது சுவர் தாங்க முடிகிறவரை பழைய இடத்திலேயே இருப்பதால் மின்னோட்டம் மிகுதியாகவும், இறங்கும்போது அதே காரணத்தால் குறைவாகவும் இருக்கும். உங்கள் இரு கோடுகளும் அப்படித்தான் இருக்கின்றன. இது காந்தப் பொருளின் தயக்கத்துக்கு (ஹிஸ்டெரிசிஸ்) ஒப்பான நடத்தை. கருவியின் கோளாறு அல்ல.

ஹால் அளவீட்டைப் பற்றிச் சற்று அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இது மாணவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி, நானும் விழுந்திருக்கிறேன். வான் டெர் பாவ் முறையில் நான்கு மூலைகளில் இண்டியம் வைத்து அளக்கும்போது மின்னோட்டம் அடுக்குகளுக்கு இணையாக ஓடுகிறது. அப்போது 40 கிணறுகளும், மேல் கீழ்த் தொடர்பு அடுக்குகளும், எல்லாமே பக்க இணைப்பில் உள்ள மின்தடைகள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கிணறுகளிலும் சேர்த்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 லட்சம் கோடி எலக்ட்ரான்கள். கன சென்டிமீட்டருக்கு 10 ஆயிரம் கோடி கோடி என்ற அளவில், அதாவது பத்தின் 18ஆம் அடுக்கில், மாசூட்டிய அரை மைக்ரான் தொடர்பு அடுக்கு ஒன்றிலேயே 50 லட்சம் கோடி. உங்களிடம் அப்படி இரண்டு இருக்கின்றன. நீங்கள் அளந்தது பெரும்பாலும் தொடர்பு அடுக்கின் இயக்க எண்ணைத்தான். அந்த அளவு மாசூட்டிய காலியம் ஆர்சனைடில் அறை வெப்பநிலையில் வோல்ட்–விநாடிக்கு 2,500 சதுர சென்டிமீட்டர் என்பது எதிர்பார்க்கத்தக்க மதிப்பே. அதற்கும் அடுக்குகளுக்குக் குறுக்கே எலக்ட்ரான் துளைத்துச் செல்லும் வேகத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. தொடர்பு அடுக்குகள் இல்லாமல் தனியே வளர்த்து அளந்தாலும், கிணற்றின் தளத்தில் ஓடும் எலக்ட்ரானின் இயக்க எண்ணே கிடைக்கும். குறுக்குத் திசையின் இயக்க எண் கிடைக்காது. மீயணிக்கோவையின் மின்கடத்துதிறன் ஒற்றை எண் அல்ல; இணைத்திசைக்கு ஒன்று, குறுக்குத்திசைக்கு ஒன்று. உங்களுடையதைப் போன்ற தடித்த அரண் கொண்ட மாதிரியில் இவ்விரண்டுக்கும் நடுவே பல அடுக்கு வேறுபாடு இருக்கும். இணைத்திசையில் கூட, கிணறு மெலிய மெலிய இடைமுகத்தின் சொரசொரப்பு ஆட்சி செய்யத் தொடங்கும். அப்போது இயக்க எண் கிணற்றின் அகலத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப விழுகிறது என்பதை சகாகியும் உடன் பணியாற்றியோரும் 1987இல் காட்டினர். கிணற்றைப் பாதியாக மெலித்தால் 64 மடங்கு இழப்பு. உங்கள் 9 நானோமீட்டர் கிணற்றில் அந்தச் சிக்கல் இன்னும் கடுமையாகவில்லை.

இதுவரை சொன்னவற்றில் களங்கள் உருவாவதும், பற்களின் இடைவெளிக்குக் காரணமும், ஹால் அளவீடு தொடர்பு அடுக்கைக் காட்டியது என்பதும் உறுதி என்றே கொள்கிறேன். ஆனாலும் தொலைவிலிருந்து ஒரு வரைபடத்தைப் பார்த்துச் சொல்பவனின் பேச்சை அப்படியே நம்பிவிடாமல், சில சோதனைகளைச் செய்து பாருங்கள். மீட்டரைத் தானியங்கி அளவெல்லையில் விடாதீர்கள். மாணவனாக இருந்தபோது நான் இப்படி ஒரு வரைபடத்தை, மீட்டர் எல்லை மாறும்போது எழும் தாவல்கள் என்று முடிவு செய்து ஒதுக்கிவைத்தேன். ஆறு மாதம் கழித்து எல்லையைக் கையால் நிலைநிறுத்தி மறுபடி அளந்தபோது தாவல்கள் அசையாமல் அங்கேயே நின்றன. அந்த ஆறு மாதம் வீணானது இன்றும் உறுத்துகிறது. அடுத்து, வெவ்வேறு பரப்புள்ள மேசாக்களை அளந்து பாருங்கள்: மின்னோட்டம் பரப்புக்கு ஏற்ப மாற வேண்டும், பற்களின் இடமோ மாறக் கூடாது. மூன்றாவதாக, கம்பியின் நீளத்தை மாற்றுங்கள். இறங்குமுகச் சாய்வுள்ள எந்தக் கருவியும் இணைப்புக் கம்பிகளின் தூண்டலோடு சேர்ந்து தானாக அலைவுறக்கூடும். நேர்மின்னோட்ட மீட்டர் அதன் சராசரியை மட்டும் எடுத்து ஒரு போலிச் சமதளத்தைக் காட்டிவிடும். ஓர் ஆசிலாஸ்கோப்பை இணைத்தால் இது உடனே தெரிந்துவிடும். கேபிளை மாற்றியதும் பற்கள் இடம் மாறினால் என் விளக்கம் தவறு. மாறாவிட்டால் அவை மாதிரிக்குள்தான் இருக்கின்றன.

உறுதியாகச் சொல்லத் தயங்கும் இடங்களும் உண்டு. உங்கள் சமதளத்தின் அடிமட்டத்தில் மின்னோட்டம் கணக்கிட்டதைக் காட்டிலும் மிகுதியாக இருக்கிறது என்கிறீர்கள். அரண் முழு அலுமினியம் ஆர்சனைடாக இருப்பது இதற்கு ஒரு காரணமாகலாம். அந்தப் பொருளின் கடத்துப்பட்டையின் (எலக்ட்ரான்கள் ஓடக்கூடிய ஆற்றல் பட்டையின்) மிகத் தாழ்ந்த இடம் காலியம் ஆர்சனைடைப்போல் மண்டல மையத்தில் இல்லை. விளிம்பில், எக்ஸ் பள்ளத்தாக்கில் இருக்கிறது. மையத்தைக் கொண்டு அளந்தால் ஒரு எலக்ட்ரான் வோல்ட் உயரமுள்ள சுவர், எக்ஸ் வழியாகப் பார்த்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு உயரமே. எலக்ட்ரான் அந்தத் தாழ்ந்த வழியில் நுழைய உந்தத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதால் அது அவ்வளவு எளிதல்ல. ஆனால் முற்றிலும் அடைபட்ட வழியும் அல்ல. இடைமுகத்தின் ஒழுங்கின்மையும் ஃபோனான்களும், அதாவது படிகத்தின் அதிர்வுகளும், அதற்கு உதவுகின்றன. உங்கள் மாதிரியில் எவ்வளவு பங்கு அந்த வழியாகப் போகிறது என்பதை 77 கெல்வினில் எடுத்த ஒற்றை வரைபடத்திலிருந்து பிரித்தெடுக்க முடியாது. வெப்பநிலையைப் படிப்படியாக ஏற்றி, அடிமட்டம் எப்படி உயர்கிறது என்று பார்க்க வேண்டும். அறை வெப்பநிலையிலும் இத்தகைய நடத்தையை நிலைநிறுத்த விரும்பியவர்கள் அரணில் அலுமினியத்தை 45 சதவீதத்தோடு நிறுத்தியதற்கு இதுவே காரணம். அந்த விகிதத்தில்தான் நேர்வழி அரணும் எக்ஸ் வழி அரணும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வருகின்றன. கணக்கீட்டில் நீங்கள் இட்ட கடத்துப்பட்டை வேறுபாட்டையும் ஒருமுறை சரிபாருங்கள். ஆற்றல் இடைவெளி வேறுபாட்டில் 85 சதவீதம் கடத்துப்பட்டைக்குச் சேரும் என்று 1970களில் எழுதப்பட்டது. 1980களின் நடுவில் அது 60 முதல் 65 சதவீதம் என்று திருத்தப்பட்டது. பழைய எண்ணை வைத்து அரணின் உயரத்தைப் போட்டிருந்தால், ஊடுருவும் மின்னோட்டம் அடுக்குக்குறிச் சார்பாக மாறுவதால், விடை எளிதாகப் பல மடங்கு குறைந்துவிடும்.

மாசூட்டலைக் குறைத்து இன்னொரு மாதிரி வளர்க்கும் எண்ணம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அப்போது எல்லைச்சுவரை ஓரிடத்தில் நிறுத்திவைக்கக் கிணறுகளில் போதிய மின்னூட்டம் இருக்காது. சுவர் எதிர்முனையில் பிறந்து, மாதிரி முழுக்க நகர்ந்து, நேர்முனையில் மறைந்து, மீண்டும் பிறக்கும். நிலையான மின்னழுத்தத்திலேயே மின்னோட்டம் தானாக அலைவுறும். அதிர்வெண் அரணின் தடிப்பைப் பொறுத்துக் கிலோஹெர்ட்ஸிலிருந்து கிகாஹெர்ட்ஸ் வரை எங்கும் அமையலாம். காலியம் ஆர்சனைடில் கன் என்ற இயற்பியலாளர் 1963இல் அறிவித்த அலைவு இதற்கு உறவு. ஆனால் அங்கே காரணம் எலக்ட்ரான்கள் கடத்துப்பட்டையின் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, இங்கே ஒத்திசைவு கலைவது.

கடைசியாக அந்த 17ஆவது பல். உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் ஈர்த்தது அதுதான். மூன்று மேசாக்களிலும் அதே இடத்தில் குட்டையாக இருப்பதால், அரிப்பதிலோ கம்பி இணைப்பதிலோ நேர்ந்த குறை என்று சொல்ல இடமில்லை; வேஃபர் முழுவதற்கும் பொதுவான ஒன்று, அதாவது வளர்ப்பின்போது ஒரு குறிப்பிட்ட அடுக்கில் நேர்ந்தது. ஓர் அரண் ஒரே ஒரு அணு அடுக்கு, அதாவது 0.28 நானோமீட்டர், தடித்துவிட்டால்கூட அதன் வழியே ஊடுருவும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஒரு கிணற்றில் மாசு சற்றுக் குறைந்தாலும் எல்லைச்சுவர் அங்கே நிற்கும் விதம் மாறும். எது என்பதைப் பல்லின் உயரத்தை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது உண்மையிலேயே ஓர் அடுக்கின் கையொப்பம்தானா என்பதை நாளைக்கே சோதித்துவிடலாம். இதுவரை மேல்முனையை நேர்முனையாக வைத்து அளந்திருக்கிறீர்கள். எல்லைச்சுவர் மேலிருந்து கீழ் நோக்கிக் கிணறு கிணறாக நகர்ந்திருக்கிறது. 17ஆவது பல் என்பது மேலிருந்து ஏறக்குறைய 17ஆவது கிணறு. இப்போது மின்முனைகளை மாற்றுங்கள். சுவர் கீழிருந்து மேலே நகரும். அதே கிணற்றை எதிர்த்திசையில் வந்து சந்திக்கும். குட்டைப் பல் 24ஆவது இடத்தில், ஒன்றிரண்டு முன்பின்னாக, தோன்றினால் அது அந்த அடுக்குதான். வளர்ப்புப் பதிவேட்டில் அந்த அலகு வளர்ந்த நிமிடத்தில் ஷட்டரோ உலையின் வெப்பநிலையோ என்ன செய்தது என்று தேடத் தொடங்கலாம். மின்முனையை மாற்றிய பிறகும் அது 17லேயே நின்றால், தேட வேண்டிய இடம் மாதிரி அல்ல, அளவீட்டுச் சுற்று.